பானிபூரிக்காரரா, குடிநீர்க் குழாயா?
டைபாய்டு காய்ச்சலை அறிவோம், தடுப்போம்

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழ் பேசும் தோழர்களுக்கான கல்வி வகுப்பில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் தெலங்கானாவில் மழையுடன் டைபாய்டு காய்ச்சலும் பெருகியது. அம்மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் இயக்குநர் அதற்குப் 'பானிபூரி நோய்' என்று பெயர் சூட்டினார். ஏடுகள் அப்பெயரைத் தலைப்பாக்கின. அசுத்தமான பானிபூரித் தண்ணீரால் டைபாய்டு பரவக்கூடும் என்பது உண்மை. அதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால், தள்ளுவண்டிக்காரர் அந்தத் தண்ணீரை எங்கிருந்து பிடித்தார்? தெருக்குழாயில் வந்த நீரில் சாக்கடை எவ்வாறு கலந்தது? இவ்விரு கேள்விகளுக்கும் விடைகூற வேண்டியவர் தள்ளுவண்டிக்காரர் அல்லர்.

ஒரு நோயின் பொறுப்பை யார் தலையில் சுமத்துவது என்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று. அது அரசியல் கேள்வியும் ஆகும். எனினும், அந்த அரசியலைப் பேசுவதற்கு முன்பு நோயைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். அறியாமல் பேசினால் மக்கள் நம் பேச்சை நம்பமாட்டார்கள். நம்பினாலும் அவர்களுக்குப் பயன் கிட்டாது.

நோயின் இயல்பு

டைபாய்டு, சால்மோனெல்லா டைபி என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் காய்ச்சல். 1880இல் ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல் எபர்த் இக்கிருமியை இனங்கண்டார். 1884இல் காஃப்கி அதனை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். இக்கிருமிக்கு மனிதரைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை. மாடு, கோழி, எலி ஆகியவை இதனைச் சுமப்பதில்லை. கொசு இதனைப் பரப்புவதில்லை. நோயுற்ற மனிதரின் மலத்தின் வழியாகவும், சில வேளை சிறுநீரின் வழியாகவும் வெளியேறி, நீரிலோ உணவிலோ கலந்து, மற்றொரு மனிதரின் வாயை அடைவதே இதன் ஒரே பயணம். ஆகவே, ஓர் ஊரில் டைபாய்டு பரவுகிறது என்றால், அவ்வூரில் சிலருடைய கழிவு வேறு சிலருடைய குடிநீரில் கலக்கிறது என்பதே அதன் பொருள். இதைவிடக் கூர்மையாக ஒரு நகராட்சியின் நிலையைச் சொல்லும் அறிக்கை வேறில்லை.

வாய்வழி புகுந்த கிருமி குடலைக் கடந்து இரத்தத்தில் கலந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் தங்கிப் பெருகுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குப் பிறகே காய்ச்சல் தொடங்கும். இந்த இடைவெளி திருப்பதிக்கு மிக முக்கியமானது. நாள்தோறும் பல பத்தாயிரம் பயணிகள் வந்து, தங்கி, உண்டு, திரும்பும் நகரம் அது. இங்கே கெட்ட நீரைப் பருகியவர் சென்னையிலோ பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ காய்ச்சலில் விழுவார். வெளியூரில் தொற்றியவர் இங்கே வந்து படுப்பார். நோய் தோன்றிய இடம் ஒன்று, பதிவாகும் இடம் வேறொன்று. அதனால் எந்த ஊரும் தன் குழாயைச் சந்தேகிப்பதில்லை.

டைபாய்டும் டைபஸும்

இரண்டு பெயர்களும் ஒலியில் நெருங்கியவை, நோய்களோ வெவ்வேறு. 'டைபோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் புகை, மயக்கம் என்று பொருள். முற்றிய காய்ச்சலில் நோயாளியின் அறிவு புகைமூட்டம்போல் கலங்குவதால் இப்பெயர் வந்தது. நெடுங்காலம் இரண்டும் ஒரே நோயாகவே கருதப்பட்டன. 1837இல் அமெரிக்க மருத்துவர் கெர்ஹார்ட் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

நமது நூல்களைப் படிக்கும்போதும் இந்த வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும். 1848இல் மேல் சிலேசியாவில் பரவிய கொள்ளைநோயை ஆராய்ந்த இளம் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, அதற்கு மருந்தாக முழுமையான ஜனநாயகத்தையும் கல்வியையும் மக்களின் வாழ்க்கை உயர்வையும் பரிந்துரைத்தார். 1919 டிசம்பரில் ஏழாவது சோவியத்துகள் மாநாட்டில் லெனின், பேனை வெல்லாவிட்டால் சோசலிசம் வெல்லாது என்னும் கருத்துப்பட எச்சரித்தார். இவ்விருவரும் பேசியது பேனால் பரவும் டைபஸைப் பற்றி, டைபாய்டைப் பற்றியன்று.

இது வெறும் நூலறிவு அன்று. சித்தூர் மாவட்டத்திலும் அண்டையிலுள்ள வேலூர் மாவட்டத்திலும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் நோய் உண்டு. புதர்களிலும் வயல் ஓரங்களிலும் வாழும் மிகச் சிறிய உண்ணி கடிப்பதால் அது வருகிறது. அதுவும் நாள்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலே. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு காணப்படலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் அது இருப்பதால் தேடினால்தான் தெரியும். அதற்குரிய மருந்து டாக்சிசைக்ளின். டைபாய்டுக்கெனப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஸ்க்ரப் டைபஸைக் குணப்படுத்தாது. மாந்தோப்பிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலைசெய்யும் கூலித் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தவுடன் 'டைபாய்டு' என்று முத்திரை குத்திவிட்டால், ஒரு பெயர்க் குழப்பம் ஓர் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

அடையாளம் காண்பது எப்படி?

டைபாய்டு ஒரே நாளில் கொதித்து எழும் காய்ச்சல் அன்று. முதல் வாரத்தில் படிப்படியாக ஏறும். மாலையில் கூடும், காலையில் சற்றுக் குறையும், ஆனால் முற்றிலும் விடாது. தலைவலி, உடற்சோர்வு, பசியின்மை, வயிற்றுவலி, வறட்டு இருமல் ஆகியவை உடன் வரலாம். நாக்கின் நடுவே வெண்மாசு படிந்திருக்கும். பெரியவர்களுக்கு மலச்சிக்கலும் சிறுவர்களுக்கு வயிற்றுப்போக்கும் காணப்படுவதுண்டு. எனவே, பேதி இல்லை என்பதால் டைபாய்டு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. மார்பிலும் வயிற்றிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும் என்று பாடநூல்கள் கூறும். நம் மக்களின் கருநிறத் தோலில் அவற்றைக் காண்பது அரிது.

இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் உச்சத்தில் நிலைக்கும். மூன்றாம் வாரமே ஆபத்தான கட்டம். குடற்புண்ணிலிருந்து இரத்தம் கசியலாம். குடலில் ஓட்டை விழலாம். கருத்த மலம், திடீரெனத் தாங்கமுடியாத வயிற்றுவலி, வயிறு பலகைபோல் இறுகுதல், பிதற்றல், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே, அந்த மணியே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிகிச்சையே இல்லாத காலத்தில் நோயுற்றவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர்வரை இறந்தனர். உரிய மருந்து உரிய காலத்தில் கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்கத் தேவையில்லை. அவ்வாறிருந்தும், உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி ஆண்டொன்றுக்கு 90 லட்சம் பேர் நோயுற்று, 1,10,000 பேர் இறக்கின்றனர்.

நினைவில் கொள்ளத்தக்க எளிய விதி இது: காய்ச்சல் மூன்று நாள்களைக் கடந்து நீடித்தால், மருந்துக்கடையை விடுத்து மருத்துவரை நாட வேண்டும்.

வைடால் பரிசோதனையும் குளுக்கோஸ் பாட்டிலும்

இரு மாவட்டங்களின் கிராமங்களிலும் காய்ச்சல்காரர் முதலில் செல்வது ஆர்.எம்.பி. என்று அழைக்கப்படும் கிராம வைத்தியரிடம். இரத்தம் எடுக்கப்படும், வைடால் பரிசோதனை செய்யப்படும், 'டைபாய்டு பாசிட்டிவ்' என்று சீட்டு வரும். பிறகு நாளுக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில், ஓர் ஊசி. ஒரு வாரக் கூலியும் போய், கடனும் ஏறும்.

வைடால் பரிசோதனை 1896இல் பிரெஞ்சு மருத்துவர் வைடாலால் உருவாக்கப்பட்டது. கிருமியை அது காண்பதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே காண்கிறது. முன்பு எப்போதோ டைபாய்டு வந்துபோனவருக்கும், தடுப்பூசி போட்டவருக்கும், வேறு சில காய்ச்சல் கண்டவருக்கும் அது 'பாசிட்டிவ்' காட்டக்கூடும். உண்மையான டைபாய்டு உள்ளவருக்கு முதல் வாரத்தில் 'நெகட்டிவ்' காட்டவும் கூடும். டைபாய்டு எங்கும் நிறைந்த நாட்டில், ஒரே ஒரு வைடால் சீட்டை வைத்து நோயை முடிவுசெய்வது தகாது.

நம்பகமான பரிசோதனை, இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். அதிலும் சுமார் பாதி நோயாளிகளிடம்தான் கிருமி அகப்படும். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால் அதுவும் குறையும். ஆயினும், எந்த மருந்துக்கு இக்கிருமி பணியும் என்று கூறவல்லது அது ஒன்றே. ஆகவே, மருந்தைத் தொடங்குமுன் இரத்தம் எடுக்க வேண்டும். இவ்வசதி அரசுப் பெரிய மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் உரியதாக நின்றுவிடாமல், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எடுக்கப்படும் இரத்தமும் அங்கே சென்று சேரும் ஏற்பாடு தேவை. அது நமது கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும்.

கிராம வைத்தியரைத் திட்டுவது எளிது. இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் அவர் திறக்கிறார் என்பதே அவரிடம் மக்கள் செல்வதற்குக் காரணம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருத்துவரும் ஆய்வக ஊழியரும் மருந்தும் எந்நேரமும் இருந்தால், அந்தக் கதவைத் தட்டவேண்டிய தேவை இராது.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளையும் களைய வேண்டும். முதலாவது, டைபாய்டுக்காரருக்குச் சோறு கொடுக்கக்கூடாது என்பது. பட்டினி நோயாளியை மேலும் பலவீனப்படுத்தும். குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, பருப்பு, நன்கு காய்ச்சிய பால், போதிய நீர் ஆகியவற்றைக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இரண்டாவது, மருந்து தொடங்கிய மறுநாளே காய்ச்சல் விடவேண்டும் என்பது. சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் தணிய நான்கு முதல் ஆறு நாள்கள் ஆகலாம். பொறுமையிழந்து மருத்துவரை மாற்றுவதும், காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவதும் நோய் திரும்பி வரவே வழிசெய்யும்.

மருந்து தோற்ற கதை

1948இல் குளோராம்ஃபெனிகால் என்னும் மருந்து டைபாய்டை வென்றது. கால் நூற்றாண்டுகூட அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1972இல் மெக்சிகோவிலும், அதே ஆண்டு நம் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அம்மருந்துக்குப் பணியாத டைபாய்டுக் கிருமி கண்டறியப்பட்டது. 1990ஆம் ஆண்டையொட்டி, அன்று வழக்கிலிருந்த மூன்று மருந்துகளுக்கும் பணியாத கிருமி இந்தியாவில் பரவியது. அதன்பின் வந்த சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் பெருமளவு பயனிழந்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசின் மாத்திரையும் போன்ற சிலவே. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் பணியாத கிருமி வெடித்துப் பரவியது. ஒவ்வொரு சாதாரணக் காய்ச்சலுக்கும் அசித்ரோமைசின் விழுங்குபவர், நாளை தம் குழந்தைக்கு டைபாய்டு வரும்போது வேலைசெய்யவேண்டிய கடைசி மருந்தை இன்றே செலவழிக்கிறார்.

குழாய் ஏன் நஞ்சாகிறது?

மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டைபாய்டு வீழ்ச்சியடைந்தது. காரணம், மணல் வடிகட்டியும் குளோரினும் பாதாளச் சாக்கடையும். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் குடிநீருக்கு நிரந்தரமாகக் குளோரின் சேர்க்கும் முறை தொடங்கியது. சென்னைக்குக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தின் வடிகட்டிய நீர் 1914இல் கிடைத்தது. சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் சாக்கடை நீரைப் பாய்ச்சிக் காய்கறி பயிரிடப்பட்டது. நகரம் நெடுங்காலம் டைபாய்டால் துன்புற்றது. 1991இல் காலராவுக்கு அஞ்சி அரசு அந்தப் பாசனத்தைத் தடுத்தது. காலராவுடன் டைபாய்டும் அடங்கியது. ஓர் அரசு மனம்வைத்தால் எவ்வளவு விரைவில் இது நடக்கும் என்பதற்கு அதுவே சான்று.

நமது நகரங்களிலோ குழாயில் எப்போதும் நீர் ஓடுவதில்லை. நாள்விட்டோ, பல நாள்களுக்கு ஒருமுறையோ, சில மணி நேரம் மட்டும் நீர் விடப்படுகிறது. குழாய் நிறைந்து அழுத்தத்துடன் ஓடும்போது, விரிசல் இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். நீரை நிறுத்தியவுடன் குழாய் வெறுமையாகி உள்ளிழுக்கும். அப்போது விரிசலைச் சூழ்ந்துள்ள சாக்கடை உள்ளே புகும். அடுத்தமுறை நீர் திறந்ததும் முதலில் வருவது அந்தக் கலவையே. குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் இந்த ஆபத்து பன்மடங்காகும். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் ஒரே பள்ளத்தில் அருகருகே செல்லும் தெருக்களில் இதுவே அன்றாட நிகழ்வு. பெரும்பாலும் அத்தெருக்கள் உழைப்பாளி மக்கள் வாழும் தெருக்களே.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்து, 2023இல் வெளியான ஆய்வின் முடிவு இதை உறுதிப்படுத்துகிறது. 2017 அக்டோபர் முதல் 2020 பிப்ரவரி வரை தில்லி, கொல்கத்தா, வேலூர் நகர்ப்பகுதிகளிலும் புனே அருகே கிராமப்பகுதியிலும் 24,062 குழந்தைகள் வாரந்தோறும் கண்காணிக்கப்பட்டனர். பிளட் கல்ச்சர் மூலம் உறுதியான டைபாய்டு 299 பேருக்கு இருந்தது. ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு என்று கணக்கிட்டால், நகர்ப்பகுதிகளில் 576 முதல் 1,173 வரை. அந்தக் கிராமப்பகுதியில் 35. சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். கிருமிக்கு மாநில எல்லை தெரியாது.

சமையற்காரியின் சிறை

பொறுப்பை ஏழையின் தலையில் சுமத்தும் வழக்கம் புதிதன்று. மேரி மாலன் அயர்லாந்திலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்கவந்த சமையற்காரி. அவருக்கு நோய்க்குறி எதுவுமில்லை. ஆனால் கிருமி உடலில் இருந்தது. டைபாய்டிலிருந்து குணமானவர்களில் நூற்றுக்குச் சிலருடைய பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதுண்டு. 1907இல் அவர் பிடித்துச் செல்லப்பட்டுத் தீவொன்றில் அடைக்கப்பட்டார். 1910இல், இனிச் சமைப்பதில்லை என்ற உறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டார். சலவை வேலையில் கிடைத்த கூலி சமையல் கூலியைவிடக் குறைவு. அவர் வேறு பெயரில் மீண்டும் சமையலுக்குச் சென்றார். மீண்டும் நோய் பரவியது. 1915 முதல் 1938இல் இறக்கும்வரை அதே தீவில் கழித்தார். அவர் தவறிழைக்கவில்லை என்பதன்று இங்கு வாதம். மாற்று வாழ்வாதாரம் தராமல் விடுக்கப்பட்ட தடை எவரையும் காக்கவில்லை என்பதே பாடம்.

திருப்பதியின் உணவகங்களிலும் விடுதிகளிலும் பணிபுரியும் ஒப்பந்தத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். காய்ச்சலுடன் வேலைக்கு வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. வந்தால், அவர் நறுக்கும் வெங்காயம் நூறு தட்டுகளுக்குச் செல்லும். சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பு தொழிலாளியின் உரிமை மட்டுமன்று. பயணியின் பாதுகாப்பும் அதுவே. அவ்வாறே, சாக்கடையில் இறங்கி நகரைக் காப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். 2023 டிசம்பர் இறுதியில் ஆந்திர நகராட்சித் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஊதியத்துக்கான போராட்டம் மட்டும் என்று எண்ணுவோர், நகரின் உடல்நலம் எவர் கையில் இருக்கிறது என்பதை அறியாதவர்கள்.

தடுப்பூசி

டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி ஒரே தவணையில் போடப்படுவது. ஆறு மாதக் குழந்தைக்கும் போடத்தக்கது. இந்தியாவிலேயே, ஹைதராபாத்தில் தயாரிக்கப்படுகிறது. 2018இல் நவி மும்பை மாநகராட்சி தன் குழந்தைகளுக்கு இலவசமாக இதனைப் போட்டு வழிகாட்டியது. 2019இல் பாகிஸ்தான் தன் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. நம் நாட்டில் தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு 2022இல் பரிந்துரைத்தது. பரிந்துரை கோப்பில் தங்கிவிட, காசுள்ளவர் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்கிறார். அனைவருக்குமான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இடம்பெற வேண்டும். ஆயினும், ஊசி குழாய்க்கு மாற்று ஆகாது. குழாய் சீராகும்வரை குழந்தைகளைக் காக்கும் கேடயம் அது.

நமது கடமைகள்

வீட்டளவில்: குடிநீரைக் கொதிக்கவைத்து, மூடிவைத்துப் பருகுதல். விறகோ வாயுவோ இல்லாத வீட்டில் குளோரின் மாத்திரையை உறையில் கண்ட அளவில் இட்டு அரை மணி நேரம் காத்திருத்தல். குழாயில் முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்கப் பிடிக்காதிருத்தல். கழிப்பறைக்குச் சென்ற பின்பும் சமைக்கும், உண்ணும் முன்பும் சோப்பிட்டுக் கை கழுவுதல். திறந்துவைத்த பழத்துண்டுகளையும் எந்த நீரில் உறைந்தது என்று தெரியாத ஐஸையும் தவிர்த்தல்.

தெருவளவில்: குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவி ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்கவேண்டும். குழாய் நீரில் ஒரு சொட்டு மருந்திட்டால், குளோரின் இருப்பின் மஞ்சள் நிறம் தோன்றும். தெருவின் கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது தேசியத் தரம். கடைக்கோடியில் இருப்பது பெரும்பாலும் நம் மக்களின் வீடே. ஆகவே சோதனையும் அங்கேதான் நடக்கவேண்டும். மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் வீரியமான பிளீச்சிங் பவுடர் சேர்ப்பது வழக்கம். திறந்துகிடந்த மூட்டை வீரியமிழந்த சுண்ணாம்பே என்பதையும் கவனிக்க வேண்டும். தொட்டி கழுவிய தேதி தொட்டியின் மீதே எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு கிளையும் பார்க்கட்டும்.

ஒரே தெருவில் ஒரே வாரத்தில் மூவருக்கு விடாத காய்ச்சல் என்றால், நோயாளிகளின் வீட்டு எண்களைத் தாளில் குறித்து, அவர்கள் நீர் பிடிக்கும் குழாய்களையும் சாக்கடை செல்லும் வழியையும் வரைந்து, ஆஷா ஊழியரையும் உடன் அழைத்துக்கொண்டு நகராட்சி ஆணையரிடம் செல்ல வேண்டும். வெறுங்கையோடு போனால் 'பார்க்கலாம்' என்பார்கள். வரைபடத்தோடு போனால் குழியைத் தோண்டியே ஆகவேண்டும். மனு தமிழிலும் தெலுங்கிலும் அமையட்டும். நோய் இரு மொழியினரின் வீட்டிலும் உண்டு.

மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்று அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு கூறுகிறது. அக்கடமையை நினைவூட்டும் பணி நம்முடையது. அடுத்த மழைக்காலத்தில் எவரேனும் வந்து 'பானிபூரியால் வந்த நோய்' என்று கூறினால், அவரை அன்போடு அழைத்துச் சென்று தெருக்கோடிக் குழாயைக் காட்டுங்கள், தோழர்களே. அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.